தொட்டிலுக்கு வைத்த சேலை

1913 மே 8, வியாழன்

ஜெபக்கனிக்குப் பதில் எழுதி முடித்தேன். என் மகள் முதல் தடவை உண்டாகியிருக்கிறாள். அவள் கடிதம் கடல் தாண்டி இந்த லண்டனுக்கு வந்து சேருவதற்குள் மாதம் நான்காகிவிட்டது. அக்டோபர் நடுவில் பிறக்கும் என்று மருத்துவச்சி சொன்னாளாம்.

நான் எழுதியது இதுதான். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். உன் மாமியார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடாதே. ஆகஸ்ட் 29ஆம் தேதிக் கப்பலுக்கு எனக்குச் சீட்டு எடுத்தாயிற்று, செப்டம்பர் கடைசிக்குள் நம் ஊர் நாசரேத்தில் இருப்பேன். தகப்பன்தான் இல்லை, தாயும் எங்கோ போய்விட்டாள் என்று ஒருத்தி வாய் திறக்கக் கூடாது. நான் வெளியே போகும்போது உடுத்துகிற நீலக்கரை வெள்ளைச் சேலை இருக்கிறதே, உன் கல்யாணத்துக்கு எடுத்தது, அதைத் தொட்டிலுக்கு என்று நினைத்து வைத்திருக்கிறேன். துவைத்துத் துவைத்துப் பச்சைப்பிள்ளைக்கு உறுத்தாத பதத்துக்கு வந்துவிட்டது.

நான் ஆயாவாக இருக்கிற இந்த வீட்டு எஜமானி மிஸ்ஸியம்மாவின் மேலங்கிக்கு உள்பக்கம் ஆழமாக ஒரு பை தைத்துக் கொடுத்தேன். மகள் மேபிள் பாப்பாவின் இருமல் மருந்துப் புட்டி வைக்க என்றாள். மூன்று வயதுப் பிள்ளையின் மருந்துக்கு இத்தனை ஆழம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மிஸ்ஸியம்மாவிடம் பேச்சில் எப்போதும் 'நீங்க', 'அம்மா' என்றுதான். ஆனால் ஹில்டா மிஸ்ஸி பாளையங்கோட்டைப் பக்கத்தில் பிறந்த பாதிரியார் மகள். எனக்குப் பதினாலு வயதில் இவளை இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தில் மரியாதை போட்டு எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அப்போதெல்லாம் 'ஞானப்பூக்கா' என்பாள். வேலைக்காரியை அக்கா என்று கூப்பிடக் கூடாது என்று பாதிரியார் ஒரு நாள் பிரம்பைக் காட்டினார். அதிலிருந்து வெறும் ஞானப்பூ.

நாளைக்கு இந்தியத் தபால் போகிற நாள். தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் முந்தின மாலை போட்டால் தப்பாது என்று மிஸ்ஸியம்மாவே சொல்லித்தந்திருக்கிறாள். மேபிள் பாப்பாவைத் தூக்கிப்பிடித்து அவள் கையாலேயே போடவைத்தேன். நாங்கள் திரும்பியதும் மிஸ்ஸியம்மா மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மே 9

இன்னும் வீடு வரவில்லை.

மே 11, பெந்தெகொஸ்தே ஞாயிறு

மிஸ் குரோவ் வந்து விஷயத்தைச் சொன்னாள். மிஸ்ஸியம்மாவின் சிநேகிதி, அதே சங்கத்துக்காரி. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்கிற சங்கம். கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போய், இப்போது கண்ணாடி ஜன்னலை உடைக்கிறார்கள், ஆள் இல்லாத வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள், தபால் பெட்டிக்குள் திராவகம் ஊற்றுகிறார்கள். சனங்களுடைய கடிதம் நின்றுபோனால் சர்க்காருக்குக் காது கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. மிஸ்ஸியம்மாவைப் புட்டியும் கையுமாகப் பிடித்துவிட்டார்களாம். ஆறு மாதம் சிறை. உள்ளே போனதிலிருந்து சாப்பிட மறுக்கிறாளாம்.

சமையற்காரி இதைக் கேட்டதும் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். துரை கொழும்பில் தேயிலை வியாபாரத்தில் இருக்கிறார். இந்தப் பெரிய வீட்டில் நானும் மேபிள் பாப்பாவும்தான். ஆலயத்துக்குப் போகவில்லை. பிள்ளையை எங்கே விட்டுப் போவது?

எந்தப் பெட்டி என்று மிஸ் குரோவிடம் நான் கேட்கவில்லை. இந்த ஊரில் மூலைக்கு மூலை பெட்டி இருக்கிறது.

மே 16

இன்று அவளைத் தூக்கி வந்து படுக்கையில் போட்டார்கள். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, கை ஐஸ்கட்டியாக இருந்தது. கூடவே ஒரு காகிதம். புதுச் சட்டமாம். பட்டினியில் செத்துவிட்டால் சர்க்காருக்குக் கெட்ட பெயர், அதனால் வெளியே விடுவார்கள். உடம்பு தேறி எழுந்து நடந்தால் மறுபடி பிடித்துப்போவார்கள். பூனை எலி விளையாட்டு என்று சனங்கள் சொல்கிறார்களாம். எதிர்வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரனை நிறுத்தியிருக்கிறார்கள். மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதுதான் அவன் வேலை.

குருணை அரிசியைக் குழைய வேகவைத்து, கஞ்சித் தண்ணீரை மட்டும் இறுத்து, உப்புப் போட்டு ஸ்பூனால் புகட்டினேன். நாலு ஸ்பூன் குடித்ததும் கண் திறந்தாள்.

"இந்தப் பட்டினி கெடக்குறதெல்லாம் எங்கன படிச்சீய?" என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"ஒங்க ஊர்லதான். முத்தக்காளை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. முத்தக்காள் மகனைப் பாதிரியார் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கிவிட்டார் என்று பங்களா வாசலில் வந்து பச்சைத்தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாசலில் இருக்க, உள்ளே மேசையில் பிளேட்டு வைக்கப் பாதிரியம்மாவுக்குக் கூசியது. மூன்றாம் நாள் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது மிஸ்ஸியம்மாவுக்கு ஏழு வயதிருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

மே 24

இன்று முட்டை தின்றாள். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலை வாரிவிட்டு, நாற்காலியை ஜன்னலோரம் போட்டு வெயிலில் உட்காரவைத்தேன்.

மே 25

வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னலில் பார்த்திருக்கிறான் பாவி. தேற்றியது நான், காட்டிக்கொடுத்ததும் நான். நாற்காலியை எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டேன்.

ஜூன் 12

மறுபடி பட்டினி, மறுபடி கொண்டுவந்து போட்டார்கள், மறுபடி கஞ்சி. இந்தத் தடவை ஜன்னல் பக்கம் அண்டவிடவில்லை. ஆனாலும் கையில் ஸ்பூனை எடுக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. குறைத்துக் கொடுத்தால் செத்துவிடுவாள். நிறையக் கொடுத்தால் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு தாதி வேலையில் இப்படி ஒரு சங்கடத்தை நான் கண்டதில்லை.

ஜெபக்கனிக்கு இந்த மாதம் எழுதவில்லை. நான் இருக்கிற வீட்டு அம்மா சிறைக்குப் போய்ப் போய் வருகிறாள் என்று எப்படி எழுதுவது? சம்பந்தி வீட்டில் படித்துக் காட்டுவார்கள். சொல்ல வேண்டியதைத்தான் மே மாதமே சொல்லிவிட்டேனே.

ஜூன் 20

மளிகைக்குப் போய் வந்தேன். போலீஸ்காரன் "காலை வணக்கம், மேரி" என்றான். என் பெயர் மேரி இல்லை. அடுத்த தெருவில் ஒரு வங்காளத்து ஆயா இருக்கிறாள், குட்டை உருவம், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் போகும்போதும் "காலை வணக்கம், மேரி" என்கிறான். அவன் பார்ப்பது சேலையைத்தான். முகம் என்று ஒன்று அதற்கு மேலே இருப்பது அவனுக்குத் தெரியாது.

இதை மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். மறுநாளே எழுந்து நடமாடினாள், அதற்கடுத்த நாள் கொண்டுபோனார்கள். இதை இன்று 22ஆம் தேதி சேர்த்து எழுதுகிறேன்.

ஜூலை 9

ஊரிலிருந்து கடிதம். ஜெபக்கனி எழுதியிருக்கிறாள்: "நான் உண்டாகியிருக்கிற சேதியை எழுதியும் நீங்கள் ஒரு வரி பதில் போடவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு உங்கள் கடிதமே இல்லை. அத்தை, உங்கம்மா வரமாட்டாள், இங்கேயே பிள்ளை பெற்றுக்கொள் என்கிறார்கள். தாய் வீடு இல்லாதவளா நீ என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நான் என்ன சொல்லட்டும் அம்மா?"

வெகு நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மேபிள் பாப்பா வந்து மடியில் ஏறினாள். மே 9ஆம் தேதி காலையில் தெருமுனையில் தபால்காரர் சிவப்புப் பெட்டியைத் திறந்து கறுத்துப்போன காகிதத்தைத் தகரவாளியில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அன்றைக்கு எழுதாமல் விட்டது அதுதான். பாப்பா, நம்ம லெட்டரா என்று கேட்டாள். இல்லை கண்ணு என்று சொல்லி வேகமாகக் கூட்டி வந்தேன்.

அந்தப் பை நான் தைத்தது. நல்ல உறுதியான இரட்டைத் தையல்.

ஜூலை 10

பெரிய தபாலாபீசுக்கு நடந்தே போய், கடிதம் வாங்குகிற ஜன்னலில் இருந்த ஆள் கையில் கடிதத்தைக் கொடுத்து, அவர் முத்திரை குத்துகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். வருகிறேன், கட்டாயம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். சேர மூன்று வாரம். அதற்குள் சம்பந்தியம்மா என்ன முடிவு கட்டுவாளோ.

ஆகஸ்ட் 11

மூன்றாம் தடவையாகக் கொண்டுவந்து போட்டார்கள். இந்தத் தடவை குழாய் வைத்து வலுக்கட்டாயமாக ஊட்டி ஏழு வாரம் உள்ளேயே வைத்திருந்தார்களாம். இது முன்னைப் போல இல்லை. ஒரு கையில் தூக்கிவிடலாம் போல இருக்கிறாள். நெஞ்சு துடிப்பது சட்டைக்கு மேலே தெரிகிறது. படுக்கையை விட்டு எழுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீஸ்காரனும் அதே இடத்தில் வந்து நின்றுவிட்டான்.

மேபிள் பாப்பா அம்மா பக்கத்தில் போகப் பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். என் நேரம் வரும்போது இவளை இந்த நிலைமையில் எப்படி விட்டுப் போவேன் என்று ஒரு பக்கம், போகாமல் எப்படி என்று ஒரு பக்கம்.

ஆகஸ்ட் 15

கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். தபால் பெட்டிக் காரியத்தில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, வெறும் காகிதம்தான் என்று மிஸ் குரோவிடம் பேசிக்கொண்டிருந்தாள், அது என்னை உசுப்பிவிட்டது.

"அந்தக் காகிதத்துல ஒண்ணு ஏம் மவளுக்கு எழுதுனதும்மா. வாரேன்னு எழுதியிருந்தேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. "அந்தப் பெட்டியிலயா போட்ட?"

"நீங்கதான அதுல போடச் சொல்லித்தந்தீய."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போயிற்று. நான் வேறு சூடாக்கிக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 18

மிஸ் குரோவ் போகும்போது வாசலில் என்னிடம் அன்பாகச் சொன்னாள்: நவம்பரில் கடல் மோசமாக இருக்கும், கம்பளிச் சட்டை ஒன்று தருகிறேன், கொண்டுபோ.

நவம்பரா, எனக்கு 29ஆம் தேதி கப்பல் என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று நாளைக்கு முன்பே கப்பல் கம்பெனியில் சீட்டை நவம்பருக்கு மாற்றியாயிற்றாம். மிஸ்ஸியம்மா கையெழுத்துப் போட்டு இவள்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றாள்.

மூன்று நாளைக்கு முன்பு என்றால் 15ஆம் தேதி. கடிதம் எரிந்த கதையை நான் சொன்ன அதே நாள். சொல்வதற்கு முன்பா பின்பா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மிஸ்ஸியம்மாவிடம் போய் நின்றேன். அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "ரெண்டு மாசந்தான ஞானப்பூ. நான் மறுபடி உள்ள போயிட்டா மேபிளுக்கு யாரு இருக்கா? எல்லாப் பொம்பளைங்களுக்காகவும்தான இந்தப் பாடு படுதோம். ஒம் மவளுக்கும் சேத்துத்தான்."

துணி உலர்த்தப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 19

மழை. பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. அடுப்புச் சாம்பல் வாரினேன். படிக்கட்டுப் பித்தளை துலக்கினேன். மிஸ்ஸியம்மாவுக்கு மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தேன். எனக்குப் பசியில்லை.

ஆகஸ்ட் 20

பசியில்லை. வெந்நீர் போட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டினேன். அவள் தன் ரொட்டியை என் வாயருகே நீட்டினாள். அப்புறம் கண்ணு, அப்புறம் என்றேன். மாடிப்படி இன்றைக்கு நீளமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21

கஞ்சி புகட்டக் குனிந்தபோது மிஸ்ஸியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

"கிட்ட வா. வாயை ஊது."

"எதுக்கும்மா?"

"ஊதுன்னா ஊது."

ஊதினேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அப்படியே பார்த்தாள். "எத்தனை நாளாச்சு? மறைக்காத. பழம் அழுகுன வாடை. சிறையில எங்க எல்லாருக்கும் இதான் வரும்."

"எனக்குப் பசியில்லம்மா."

"நானும் இப்படித்தான் சொன்னேன் டாக்டர்ட்ட. யாரை எதுத்து இருக்க நீ?"

முப்பது வருஷமாக இவர்கள் வீட்டு உப்பு. ஆனாலும் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "நீங்க யாரை எதுத்து இருந்தீய? மந்திரியை. எனக்கு இந்த வீட்டுல மந்திரி நீங்கதானம்மா."

நான் நிறுத்தவில்லை. "ஒங்கள ஒரு வார்த்தை கேக்காம சட்டம் போடுதாங்கன்னு தான பெட்டிக்குள்ள திராவகம் ஊத்துனீய? என்னை ஒரு வார்த்தை கேட்டீயளா? நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேக்கல."

"மேபிளை யாரு பாத்துக்கிடுவா?" என்றாள், சின்னக் குரலில்.

"ஏம் மவள யாரு பாத்துக்கிடுவா?"

அழுதாள். அவள் அழுது நான் பார்த்து இருபது வருஷம் இருக்கும். சிறுபிள்ளையில் அழுவது போலவேதான், மூக்கைத் துடைக்காமல். எனக்கும் அழுகை வந்தது. இவள் மேல் எனக்கு இருந்தது கோபம் மட்டும் என்றால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு கிண்ணத்துக் கஞ்சியில் பாதியைச் சாசரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "சீட்டை மாத்தித் தாரேன். 29ஆம் தேதி நீ போற. குடி அக்கா."

குடித்தேன்.

ஆகஸ்ட் 23

மிஸ் குரோவ் கப்பல் கம்பெனிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தாள். ஒரு தடவை கடிதத்தை நம்பி மாற்றினோம், இனி சீட்டு எடுத்த அம்மாள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் என்கிறார்களாம். செவ்வாய்க்குள் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நேரில் என்றால் வாசலைத் தாண்ட வேண்டும். வாசலைத் தாண்டினால் போலீஸ்காரன்.

மிஸ்ஸியம்மா வெகு நேரம் என் நீலக்கரைச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொடியில் கிடந்தது. "கொசுவம் வைக்க எனக்கு இன்னும் கை மறக்கல" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னேன். உள்ளபடியே சொன்னேன். பிறகு சேலையை மடித்து அவள் கட்டில்மேல் வைத்ததும் நான்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நல்ல மழை. அதற்காகத்தான் காத்திருந்தோம்.

சேலையை நான் கட்டிவிட்டேன். இடுப்பில் நிற்கவில்லை, அத்தனை மெலிவு. ஊக்குக் குத்தி நிறுத்தினேன். தலையோடு முக்காடு, அதன்மேல் என் கம்பளிச் சால்வை, கையில் என் பழைய கையுறை, என் குடை. ஒரு சுற்று நடந்து காட்டச் சொன்னேன். ராணி மாதிரி நடந்தாள். அப்படி நடக்காதீய, மளிகைக்குப் போறவ அண்ணாந்து நடக்க மாட்டா என்று சொல்லிக்கொடுத்தேன். தோளைக் குறுக்கினாள். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

அவளுடைய இரவு உடுப்பைப் போட்டுக்கொண்டு, தொப்பிக்குள் முடியைத் திணித்து, அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தேன். ஜன்னல் திரையைப் பாதி திறந்து வைத்தோம். கட்டிலில் ஆள் கிடப்பது தெருவுக்குத் தெரிய வேண்டும்.

வாசல் கதவு சாத்தும் சத்தம். மழைச் சத்தம். அப்புறம் அவன் குரல்: "காலை வணக்கம், மேரி."

மூச்சு விட்டேன்.

மெத்தை அப்படி ஒரு மெத்தை. முப்பது வருஷமாக விரித்துப்போட்டிருக்கிறேன், படுத்ததில்லை. படுத்துக்கொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் செத்தேன். மேபிள் பாப்பா உள்ளே வந்து, கட்டிலில் ஏறி, என் முகத்தைத் தொட்டுப் பார்த்து, "நீ அம்மா இல்ல" என்றாள். சத்தமாகச் சொன்னாள். கட்டிப்பிடித்துப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். கதை சொல்லு என்றாள். யோனாவை மீன் விழுங்கின கதையைச் சொன்னேன், காதை வாசலில் வைத்துக்கொண்டு. மூன்று தடவை சொல்லி முடித்தும் அவள் வரவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. வரவில்லை.

ஆகஸ்ட் 26

மிஸ் குரோவ் காலையில் வந்தாள். கையில் சீட்டு. ஆகஸ்ட் 29 என்று போட்டிருக்கிறது. மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன்.

நடந்ததை அவள் சொன்னாள். கப்பல் கம்பெனியில் இவள் கொஞ்ச தூரம் தள்ளி, தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாளாம். மிஸ்ஸியம்மா பெஞ்சில் உட்காரப் போனதும் ஒரு ஆள் வந்து, ஆயாக்கள் வெளியே நிற்க வேண்டும் என்றானாம். அம்மாளுடைய காரியமாக வந்திருக்கிறேன் என்று சொன்னதற்குப் பதிலே இல்லை. பின்னால் வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். மத்தியானம்வரை நடையில் நின்றிருக்கிறாள், எழுந்து நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்னவள். கடைசியில் கூப்பிட்ட குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், உன் அம்மாளை வரச் சொல் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டானாம்.

அங்கேயே முக்காட்டை எடுத்துவிட்டாளாம். பெயரைச் சொன்னாளாம், பெரிய குரலில், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. பத்திரிகையில் வந்த பெயர். குமாஸ்தா ஒரு பையனைத் தெருவுக்கு ஓடவிட்டதை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன், ஓடியிருக்கலாம் என்றாள் மிஸ் குரோவ். ஓடவில்லையாம். பேனா கேட்டு, நின்று, கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதி, சீட்டை மிஸ் குரோவ் கையில் கொடுத்த பிறகுதான் திரும்பினாளாம். வாசலில் போலீஸ் நின்றது.

உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள், என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, வண்டியில் ஏறும்வரை சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினேன் என்றாள் மிஸ் குரோவ். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: "ஞா-னப்-பூக்-கா. போ-யிட்-டு வா."

ஆகஸ்ட் 28

மேபிள் பாப்பாவை மிஸ்ஸியம்மாவின் சித்தி வீட்டில் விட்டு வந்தேன். நல்ல மனுஷி, தோட்டம் இருக்கிறது, முயல் வளர்க்கிறார்கள். நான் கிளம்பும்போது பாப்பா முயலுக்குக் கீரை கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். சொல்லிக்கொண்டிருந்தால் வந்திருக்க முடியாது.

மிஸ் குரோவுக்குக் கஞ்சி வைக்கக் கற்றுக்கொடுத்தேன். அரிசியைக் கழுவவே தெரியவில்லை. இரண்டு தடவை அடி பிடித்தது, மூன்றாம் தடவை பரவாயில்லை. முதல் நாள் தண்ணீர் மட்டும், உப்புப் போட்டு. மறுநாள் கொஞ்சம் குழைவாக. அவசரப்பட்டு முட்டை கொடுத்துவிடாதே, ஜன்னல் பக்கம் நாற்காலி போடாதே. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சிறையிலிருந்து ஒரு பொட்டலத்தை அவள் வாங்கி வந்தாள். என் சேலை, சால்வை, கையுறை. கைதி உடுப்பு கொடுத்துவிட்டு இவற்றைத் திருப்பிவிட்டார்களாம். நன்றாக மடித்திருந்தது. தலைப்பு ஓரத்தில் ஒரு துண்டுத் துணி வைத்து எண் எழுதித் தைத்திருக்கிறார்கள்.

குடை வரவில்லை.

செப்டம்பர் 9

கடல். தலை தூக்க முடியவில்லை. அவள் இன்றைக்குச் சாப்பிட்டிருப்பாளோ, இல்லையோ.

செப்டம்பர் 24

தூத்துக்குடி. கடவுளுக்கு ஸ்தோத்திரம். என் ஜூலைக் கடிதம் சேர்ந்திருக்கிறது. மருமகன் துறைமுகத்துக்கு வந்திருந்தார்.

அக்டோபர் 15, நாசரேத்து

பெண் குழந்தை. நம் வீட்டில், என் கையில் பிறந்தது. சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டு, குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

லண்டனிலிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெரு திரும்பும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

மத்தியானம் உத்தரத்தில் நீலக்கரைச் சேலையைத் தொட்டிலாகக் கட்டினேன். பிள்ளையைப் போட்டதும் இரண்டு ஆட்டில் தூங்கிவிட்டது. ஜெபக்கனி படுத்தபடியே கை நீட்டிச் சேலை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னதும்மா, நம்பர் போட்டு ஒட்டுத்துணி?"

"அந்த ஊரு வண்ணாக்குறி" என்றேன்.

"பிள்ள மொகத்துல ஒரசும். கத்தரி எடுங்க, பிரிச்சிருவோம்."

கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தொட்டிலை அவிழ்த்து, அந்த ஓரம் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிக் கட்டினேன்.

"பிரிக்காண்டாம்ளா. கெடக்கட்டும்."